ஷாட்கன்னில் குறிகாட்டியும் துணைக்கருவிகளும்: சென்னையில் உரிமம் பெற்ற புதியவர்களுக்கு

சென்னையில் ஒருவர் காவல் நிலைய விசாரணை, ஆணையர் அலுவலக நேர்காணல் எல்லாம் முடித்து, முன்கட்டையை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் 12 போர் பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன் துப்பாக்கிக்கு உரிமம் வாங்குவதற்குள் மாதங்கள் பல ஓடிவிடுகின்றன. அந்தக் காத்திருப்புக் காலத்தில் அவர் கைபேசியில் பார்த்து வைத்திருக்கும் படங்களில், துப்பாக்கியின் மேலே ஒரு கண்ணாடி, பக்கத்தில் ஒரு டார்ச், இன்னொரு பக்கத்தில் வரிசையாகத் தோட்டாக்கள், கீழே ஒரு பிடி என்று எதுவுமே மிச்சமில்லாமல் எல்லாமே பூட்டப்பட்டிருக்கும். துப்பாக்கி கைக்கு வந்த வாரமே அவற்றையெல்லாம் வாங்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அந்த வாரத்தில் எதையும் வாங்காமல் இருப்பதுதான் முதல் படி என்று நான் சொல்வேன். அதற்கான காரணம் கீழே வருகிறது.

அதற்கு முன் சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள வழவழப்பான உட்குழல் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ வைத்துக்கொள்ள உரிமம் தருவதைப் பற்றி 13ஆம் பிரிவில் பேசுகிறது. ஆகவே வெளிநாட்டுப் படங்களில் காணும் குட்டைக் குழல்களைப் பார்த்துத் தன் துப்பாக்கியையும் அறுத்துக் குறைக்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம். தனி உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பதை 6ஆம் பிரிவு தடுக்கிறது. சத்தத்தையோ தீப்பொறியையோ குறைப்பதற்காகச் செய்யப்பட்ட துணைக்கருவியைச் சட்டம் துப்பாக்கியாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதையும், துப்பாக்கியில் பொறித்த எண்ணை அழிப்பதோ மாற்றுவதோ 8ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டாவது செய்தி ஏன் இங்கே வருகிறது என்றால், குறிகாட்டியைத் தாங்கும் ரெயில் என்ற பட்டையைப் பூட்டுவதற்காக, ரிசீவர் எனப்படும் துப்பாக்கியின் நடு உலோகப் பகுதியில் துளை போடும்போது அந்த எண்ணின் மேல் துரப்பணம் இறங்கிவிடும் வாய்ப்பு உண்டு. துளையிடும் வேலை, பழுதுபார்க்கும் வேலை எதுவானாலும் அதற்கு உரிமம் பெற்ற ஆயுதப் பணியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். தெருமுனை லேத் பட்டறையில் எவ்வளவு நல்ல கைவேலைக்காரர் இருந்தாலும் அவரிடம் கொடுக்கக்கூடாது. ஏற்கெனவே உள்ள துளைகளில் திருகு பூட்டுவதை மட்டும் நீங்களே செய்துகொள்ளலாம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த வேலையைப் பற்றியது.

கன்னமும் கண்ணும்

ரைபிளில் பின்னால் ஒரு குறி, முன்னால் ஒரு குறி என்று இரண்டு இருக்கும். சாதாரண ஷாட்கன்னில் குழலின் நுனியில் பித்தளை மணி ஒன்று மட்டுமே இருக்கும். பின்குறி வேலையைச் சுடுபவரின் கண்ணே செய்கிறது. கண் எங்கே இருக்கும் என்பதைக் கன்னம் முடிவு செய்கிறது. கன்னம் எங்கே இருக்கும் என்பதைத் தோளில் ஊன்றும் பின்கட்டை முடிவு செய்கிறது. கட்டை உடலுக்குப் பொருந்தாவிட்டால் எத்தனை ஆயிரம் ரூபாய்க் கண்ணாடியை மேலே பூட்டினாலும் கண் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் போய் நிற்கும். அதனால்தான் முதல் வாரத்தில் எதையும் வாங்க வேண்டாம் என்றேன்.

பரிசோதனை எளியது. துப்பாக்கியை முழுவதுமாகக் காலி செய்யுங்கள். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையையும், தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் மேகசின் குழாயையும் கண்ணால் பாருங்கள், விரலால் தொட்டுப் பாருங்கள், பிறகு பார்வையை வேறு பக்கம் திருப்பிவிட்டு மறுபடியும் பாருங்கள். தோட்டாப் பெட்டி நீங்கள் நிற்கும் வீட்டு அறையிலேயே இருக்கக்கூடாது. இனிமேல் சொல்லப்போகும் எல்லா வேலைக்கும் இதுவே தொடக்கம். ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். இப்போது பின்னால் கெட்டியான சுவர் உள்ள பக்கமாக நின்று, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, கண்களை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறங்கள். மணி புள்ளியின் மேல் நிமிர்ந்து நிற்கிறதா, அல்லது ரிசீவரின் பின்புறம்தான் கண்ணுக்குத் தெரிகிறதா? பத்து முறை செய்து பார்த்தால் உங்கள் கட்டை நீளமா, குட்டையா, உயரமா, தாழ்வா என்பது புரிந்துவிடும்.

வெளிநாட்டுத் தயாரிப்புகளில் விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையான நீளம் பொதுவாக ஏறக்குறைய 14 அங்குலம் இருக்கும். ஐந்தரை அடி உயரம் உள்ள நம்மவர் பலருக்கு அது அரை அங்குலமோ ஒரு அங்குலமோ கூடுதல். கையை நீட்டி நீட்டித் தோள் பின்வாங்கிவிடுகிறது. கட்டையின் நீளத்தைச் சரிசெய்வதும், பின்முனையில் நல்ல ரப்பர் பேட் ஒன்று போடுவதும்தான் நான் முதலில் செலவழிக்கச் சொல்லும் இரண்டு விஷயங்கள். 12 போரின் உதை முதல் பெட்டி முடிவதற்குள் புதியவரைக் கண்சிமிட்ட வைத்துவிடும். கண்சிமிட்டிச் சுடுபவருக்கு எந்தக் குறிகாட்டியும் உதவாது.

எந்தக் கண் முதன்மைக் கண் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு இடையே சிறு முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தை இரு கண்களாலும் பாருங்கள். பிறகு ஒரு கண்ணை மூடுங்கள். கடிகாரம் அப்படியே இருந்தால் திறந்திருக்கும் கண்ணே முதன்மைக் கண். காணாமல் போனால் மூடிய கண். வலது தோளில் சுடுபவருக்கு இடது கண் முதன்மையாக இருந்தால், குறிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அதை மனதில் வையுங்கள்.

எந்தக் குறிகாட்டி?

பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப், ஸ்கீட் விளையாட்டுகளுக்குப் போகிறீர்கள் என்றால் குழல்மேல் உள்ள மணியே போதும். வேறு எதையும் தேடாதீர்கள். 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டு காற்றில் போகும்போது பார்வை தட்டின் மேல் இருக்க வேண்டும், மணியின் மேல் அல்ல. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் டிராப் போட்டியில் சுட்ட நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் போன்றவர்களின் துப்பாக்கிகளில் ரெட் டாட் என்ற சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி பூட்டியிருப்பதை நீங்கள் பார்க்க முடியாது. நடுவில் சிறு மணி ஒன்றும் நுனியில் பெரிய மணி ஒன்றும் சேர்ந்து 8 வடிவத்தில் தெரியுமாறு அமைந்த இரட்டை மணி, கன்னம் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள உதவும், அவ்வளவே.

நிலையான இலக்கைச் சுடுவதும், வீட்டுப் பாதுகாப்புக்காக வைத்திருப்பதும் நோக்கம் என்றால் தேர்வு மூன்று வகையாகப் பிரிகிறது. முதலாவது, ரைபிள் பாணியில் முன்குறியும் வெட்டுள்ள பின்குறியும். இது துல்லியமானது, ஆனால் மெதுவானது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பின்குறி மங்கலாகத் தெரியத் தொடங்கும். இரண்டாவது, கோஸ்ட் ரிங். கண்ணுக்கு அருகில் பெரிய வளையம் ஒன்று இருக்கும். அதன் வழியாகப் பார்க்கும்போது வளையம் மங்கி மறைந்ததுபோல் ஆகி, கண் தானாகவே முன்குறியை அதன் நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிடும். பேட்டரி வேண்டாம், கண்ணாடி உடையாது, மழையில் நனையலாம். முதல் துப்பாக்கி வாங்கியவருக்கு என் பரிந்துரை இதுதான், ரெட் டாட் விற்பவர்கள் கோபித்துக்கொண்டாலும்.

மூன்றாவது ரெட் டாட். கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளியை இலக்கின் மேல் வைத்து இரு கண்களையும் திறந்தபடி சுடலாம். முன்குறி, பின்குறி, இலக்கு என்று மூன்றை ஒரே நேரத்தில் சமாளிக்கும் சிரமம் இல்லை என்பதால் மங்கும் கண்ணுக்கு இது பெரிய வரம். புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் சொல்வார்கள், 1 எம்.ஓ.ஏ. என்பது 100 மீட்டரில் சுமார் 29 மில்லிமீட்டர். ஆகவே 2 எம்.ஓ.ஏ. புள்ளி 25 மீட்டரில் ஏறக்குறைய 15 மில்லிமீட்டரையும், 6 எம்.ஓ.ஏ. புள்ளி அதே தூரத்தில் ஏறக்குறைய 44 மில்லிமீட்டரையும் மறைக்கும். ரவைகள் எனப்படும் சிறு குண்டுகள் பரவி விழும் துப்பாக்கியில் மிகச் சிறிய புள்ளிக்கு வேலையில்லை. சட்டென்று கண்ணில் படும் பெரிய புள்ளியே மேல்.

கடையில் ரெட் டாட்டைப் பார்க்கும்போது புள்ளி வட்டமாகத் தெரியாமல் கமா போலவோ நட்சத்திரம் போலவோ சிதறித் தெரிந்தால் உடனே கருவியைக் குறை சொல்லாதீர்கள். கைபேசியால் கண்ணாடி வழியாக ஒரு படம் எடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் கோளாறு உங்கள் கண்ணில் உள்ள அஸ்டிக்மாடிசம் என்ற பார்வைக் குறை. அப்படிப்பட்டவர்களுக்குக் கோஸ்ட் ரிங்கே நல்லது. இன்னொன்று: ஏர் ரைபிளுக்கென்று மலிவாக விற்கும் கருவிகள் 12 போரின் உதையைத் தாங்கமாட்டா. ஷாட்கன் உதைக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே எழுதியிருக்க வேண்டும். உருப்பெருக்கும் ஸ்கோப்பை இதில் நான் சேர்க்கவே இல்லை. கண்ணுக்கு மிக அருகில் வைக்க வேண்டிய அந்தக் கருவி, இந்த உதையில் புருவத்தைப் பிளந்த கதைகள் ரேஞ்சுகளில், அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சித் திடல்களில், ஏராளம்.

பூட்டும் முறை

முதலில் ரிசீவரின் மேற்புறத்தைப் பாருங்கள். மாஸ்பெர்க் 500 வகையில் பலவற்றில் திருகுத் துளைகள் தொழிற்சாலையிலேயே போடப்பட்டு, சிறு மூடித் திருகுகளால் அடைக்கப்பட்டிருக்கும். ரெமிங்டன் 870 வகையிலும் நம் நாட்டுத் தொழிற்சாலைகளின் பம்ப் ஆக்‌ஷனிலும் துளை இருக்கிறதா என்பதை ஒவ்வொரு துப்பாக்கியாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மாஸ்பெர்க்கின் ரிசீவர் அலுமினியக் கலவை, ரெமிங்டனுடையது எஃகு. இந்த வேறுபாடு சின்னதாகத் தோன்றும். ஆனால் அலுமினியத்தில் திருகை ஒரு சுற்று அதிகமாக முறுக்கினாலும் மரை அறுந்துவிடும், அதைச் சரிசெய்யும் செலவு ரெயிலின் விலையைவிட அதிகமாகும்.

ரெயிலில் இரண்டு வகை புழக்கத்தில் உண்டு. பிக்கட்டின்னி ரெயிலில் பள்ளத்தின் அகலம் 5.23 மில்லிமீட்டர், ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 10.01 மில்லிமீட்டர் என்று அளவு நிலையாக இருக்கும். பழைய வீவர் ரெயிலில் பள்ளம் குறுகலானது, இடைவெளியும் ஒழுங்காக இராது. வீவருக்கான பிடி பிக்கட்டின்னியில் பெரும்பாலும் உட்காரும். பிக்கட்டின்னிக்கான பிடி வீவரில் உட்காராது. வாங்கும்போது இதைக் கேட்காமல் வாங்கிவிட்டுத் திரும்பிக் கடைக்கு அலைபவர்கள் அதிகம்.

வேலைக்கு வேண்டியவை: துணி விரித்த மேசை, துப்பாக்கியை அசையாமல் பிடிக்க ஒரு தாங்கி, திருகின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் டோர்க்ஸ் அல்லது ஆலன் கீ, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை, முறுக்கு விசையைக் காட்டும் டார்க் டிரைவர். கடைசியில் சொன்னதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். என் முதல் ரெயிலைப் பூட்டிக்கொடுத்தவர் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல், விசையை அளக்காமல், கை மதிப்பில் இறுக்கிக் கொடுத்தார். இரண்டாவது பெட்டித் தோட்டா முடிவதற்குள் புள்ளி வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே போயிற்று, நான் அரை நாள் முழுவதும் என் தோளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

துளைகளின் மூடித் திருகுகளைக் கழற்றி, துளைகளையும் புதுத் திருகுகளின் மரைகளையும் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ரெயிலைத் திருகில்லாமல் வைத்து, இரு முனைகளையும் மாறி மாறி அழுத்திப் பாருங்கள். ஆடினால் அடிப்பகுதி சரியாக உட்காரவில்லை என்று பொருள், அதைத் திருகால் இழுத்துச் சரிசெய்ய முயன்றால் ரெயில் வளையும். திருகுகள் அளவுக்கு மீறி நீளமாக இருந்தால் ரிசீவருக்குள் நீட்டி, உள்ளே முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவை அறைக்குள் தள்ளும் போல்ட்டைத் தடுக்கும். ஆகவே லாக்டைட் போடாமல் ஒருமுறை பூட்டி, பம்பை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். தடையில்லை என்றால் கழற்றி, ஒவ்வொரு திருகிலும் ஒரே ஒரு சொட்டு லாக்டைட் இட்டு, எல்லாவற்றையும் முதலில் விரலால் முடுக்கி, பிறகு குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சிறிய அடித்திருகுகளுக்கு 1.7 முதல் 2.3 நியூட்டன் மீட்டர் வரை பொதுவான அளவு. உங்கள் ரெயிலோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அந்த எண்ணே சரி. சிவப்பு லாக்டைட் வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும்.

அடுத்த நாள் வரை உலரவிட்டுப் பிறகு குறிகாட்டியை ரெயிலில் பொருத்துங்கள். குறுக்குத் திருகைப் பள்ளத்தில் இறக்கியதும் கருவியை முன்பக்கமாகத் தள்ளி, பள்ளத்தின் முன்சுவரில் முட்டியபடி வைத்து இறுக்க வேண்டும். சுடும்போது துப்பாக்கி பின்னால் பாய, கருவி தன் கனத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். முன்சுவரில் ஏற்கெனவே முட்டியிருந்தால் நகர இடம் இருக்காது. கடைசியாக ஒவ்வொரு திருகின் தலையிலிருந்து ரெயில் வரை வெள்ளை மை பேனாவால் ஒரு கோடு கிழியுங்கள். கோடு உடைந்து தெரிந்தால் திருகு தளர்ந்துவிட்டது என்பது ஒரு பார்வையிலேயே புரியும்.

குறி சரிபார்த்தல்

ஆண்டுக்கு இத்தனை தோட்டா என்று உரிமப் புத்தகத்திலேயே எழுதியிருக்கும் நாட்டில், பத்துப் பதினைந்து தோட்டாக்களைக் குறி தேடுவதிலேயே வீணாக்க முடியாது. துப்பாக்கியின் தோட்டா அறையில் வைக்கும் லேசர் தோட்டா ஒன்றின் உதவியால் வீட்டிலேயே ஏறக்குறைய நேர்ப்படுத்திக்கொண்டு, மீதியை ரேஞ்சில் முடியுங்கள். அனுமதி பெற்ற ரேஞ்சைத் தவிர வேறெங்கும் சுடக்கூடாது. செங்கல்பட்டுப் பக்கம் நண்பருக்குத் தோப்பு இருக்கிறது என்பது அனுமதி ஆகாது. சென்னை ரைபிள் கிளப் போன்ற சங்கத்தில் உறுப்பினராகி, ஷாட்கன்னை எங்கே எந்த நாளில் சுட முடியும் என்று அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது.

நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தப்போகும் தோட்டாவையே எடுத்துச் செல்லுங்கள், சக்திமான் தோட்டாக்களில் பெரிய ரவை உள்ள எஸ்.ஜி. ஒருவிதமாகப் பரவும், சிறிய ரவை உள்ள பி.பி. வேறுவிதமாகப் பரவும். பெரிய தாளில் நடுப்புள்ளி குறித்து, சாய்மானத்தில் கையை ஊன்றி, 25 மீட்டரிலிருந்து மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதுத் தாளில் சுடுங்கள். ஒற்றை ரவை எங்கே விழுந்தது என்று பார்க்காமல், கூட்டத்தின் நடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, மூன்றின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். 25 மீட்டரில் 1 எம்.ஓ.ஏ. ஏறக்குறைய 7 மில்லிமீட்டர்; கூட்டம் 7 சென்டிமீட்டர் இடப்பக்கம் இருந்தால், சரிசெய்யும் திருகின் ஒரு சொடுக்குக்கு 1 எம்.ஓ.ஏ. நகரும் கருவியில் வலப்பக்கமாகப் பத்துச் சொடுக்கு. இரும்புக் குறிகளில் பின்குறியை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ அந்தப் பக்கமே ரவை போகும். முன்குறியில் அது தலைகீழ்.

ரெட் டாட் குழலுக்கு மேலே 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டரில் சரிசெய்த பிறகு 5 மீட்டரில் சுட்டால் கூட்டம் புள்ளிக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் கீழே விழும். இதை ரேஞ்சிலேயே ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள். உயரமான ரெயில் வாங்கினால் இந்த வேறுபாடு கூடும், கன்னமும் கட்டையை விட்டு எழும்பிவிடும். ஆகவே ரெயில் எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது.

மற்றத் துணைக்கருவிகள்

இரண்டு முனையிலும் மாட்டும் தோள்வார் தேவை. டார்ச் வேண்டுமென்றால் மேகசின் குழாயில் பிடிக்கும் சிறியது ஒன்று போதும். பம்ப் ஓடும் பாதையில் வயர் தொங்கக்கூடாது. ரிசீவரின் பக்கத்தில் தோட்டா மாட்டும் தட்டு சில துப்பாக்கிகளில் விசைப்பகுதியின் பின்களுக்குப் பதிலாக வரும் திருகுகளால் பூட்டப்படுகிறது; அவற்றை அளவுக்கு மீறி இறுக்கினால் ரிசீவரின் சுவர் உட்புறம் நெருங்கி, பம்ப் கனத்துவிடும். பூட்டியபின் பம்ப் முன்பிருந்தபடியே வழுக்கி ஓடாவிட்டால் திருகைத் தளர்த்துங்கள். ஆறு தோட்டாக்களின் கனம் இடப்பக்கமாகச் சேர்வதால் துப்பாக்கி சாயும் என்பதும் கணக்கில் இருக்கட்டும். முன்பிடி, லேசர், குழல்நுனி அலங்காரங்கள் ஆகியவற்றுக்கு ஒரு வருடம் கழித்தும் தேவை தோன்றினால் அப்போது பார்க்கலாம்.

சென்னைக் காற்று

பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ கடலை ஒட்டி இருப்பவர்கள் திருகுத் தலைகளை மாதம் ஒருமுறை பாருங்கள்; எண்ணெய் தேய்த்த குழல் தப்பிவிடும், யாரும் கவனிக்காத திருகுதான் முதலில் துருப்பிடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தில் அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் கண்ணாடி மூடுபனி படர்ந்து மங்கிவிடும்; ரேஞ்சுக்குப் போனால் உறையைத் திறந்துவைத்துக் கால் மணி நேரம் பொறுத்துச் சுடுங்கள். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் துப்பாக்கியை விட்டுவைக்கக்கூடாது என்பதற்குப் பாதுகாப்புக் காரணம் ஒன்று போதும். பேட்டரியும் கெடும் என்பது இரண்டாவது.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமதாரர்களில் பலர் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க நேரும். ஒப்படைப்பதற்கு முன் ரெட் டாட்டின் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், வெள்ளைக் கோடுகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெற்ற அன்று அந்தப் படத்தோடு ஒவ்வொரு திருகையும் ஒப்பிட்டுப் பார்த்து, அடுத்த ரேஞ்சு நாளில் முதல் மூன்று தோட்டாவைக் குறி சரிபார்ப்பதற்கென்றே ஒதுக்கிவையுங்கள்.